ஆள் மாறினா பாத்திரம் மாறுமா?

போன எபிசோடுல பழவேற்காடு ஏரியோட 'பாடு' முறையைப் பார்த்தோம். முகத்துவாரம் பக்கம் இறால் நல்லா விழுற இடங்கள்ல, கோட்டைக்குப்பம் மாதிரி மீனவ ஊர்க்காரங்க முறை வச்சுத்தான் வலை கட்டுவாங்க. இன்னைக்கு ஒருத்தர், நாளைக்கு இன்னொருத்தர். இடம் அப்படியே இருக்கும், ஆள்தான் மாறுவார்.

டிவி தொடர்ல வர்ற ஒரு பாத்திரமும் இப்படி ஒரு பாடுதானா?

அமெரிக்காவில் என்பிசி சேனல்ல 1959-லிருந்து 1973 வரை ஓடிய கௌபாய் தொடர் 'பொனான்சா'. ஒரு அப்பா, மூணு பசங்க, பெரிய பண்ணை. மூத்த மகன் ஆடமாக நடித்த பெர்னெல் ராபர்ட்ஸ், ஆறு சீசன் முடிந்து 1965-ல் விலகினார். வளர்ந்த ஆம்பளை எதுக்கெடுத்தாலும் அப்பாகிட்ட அனுமதி கேக்கிறதா என்பது அவரோட குறை. புது ஆடம் வரலை. ஆடம் ஊரை விட்டுப் போயிட்டார்னு கதையை நகர்த்தினாங்க, தொடர் இன்னும் எட்டு சீசன் ஓடியது. நடு மகன் ஹாஸாக நடித்த டேன் பிளாக்கர் 1972 மே மாதம் இறந்தப்பவும் அந்த இடத்துக்கு யாரையும் போடலை. 1973 ஜனவரியில் தொடர் நின்றது. ஒளிபரப்பு நாளை மாத்தினதும் அதுக்கு ஒரு காரணம்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். சன் டிவியில் 2022-ல் தொடங்கிய 'எதிர்நீச்சல்'. ஆதி குணசேகரனா வந்து வீட்டுப் பெண்களை அடக்கி வச்சவர் இயக்குநர், நடிகர் மாரிமுத்து. அவரைத் திட்டிக்கிட்டே ரசிச்சோம், 'இந்தாம்மா ஏய்' மீமா சுத்திச்சு. 2023 செப்டம்பர் 8 அன்று, அந்தத் தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் மாரடைப்பு வந்து இறந்தார்.

வாரம் ஒரு தடவை வர்ற தொடருக்கு யோசிக்க அவகாசம் இருக்கும். தினமும் ஓடுற சீரியலுக்கு அது கிடையாது. அதோட, குணசேகரனை எதிர்க்கிறதுதான் கதையே. அவரை ஆடம் மாதிரி ஊருக்கு அனுப்ப முடியாது. அதனால எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்தார். தொடர் 2024 ஜூன் வரை ஓடியது.

ஐடி வேலையில ஒருத்தர் போனா, நாலேஜ் டிரான்ஸ்ஃபருக்குன்னு கொஞ்ச நாள் கிடைக்கும். மாரிமுத்துவோட அந்த இழுவையையும் முறைப்பையும் யார்கிட்ட கேட்டு வாங்க முடியும்? புதுசா வந்தவர் தனக்குன்னு எழுத்தும் குரலும் உள்ளவர். நாம அவரை ராத்திரிக்கு ராத்திரி இன்னொருத்தரோட ஒப்பிட்டோம்.

பாடு முறையில அடுத்தவர் தன் சொந்த வலையோட வர்றார். வேல ராமமூர்த்திகிட்ட நாம இன்னொருத்தர் வலையைக் கொடுத்து மீன் பிடிக்கச் சொன்னோம்.