எலிசபெத் ஹட்சின்சன் ஜாக்சன்

எலிசபெத் ஹட்சின்சன் ஜாக்சன் (ஏறத்தாழ 1740 - 1781) அயர்லாந்தில் பிறந்து வட அமெரிக்காவில் குடியேறிய பெண்மணி. இவர் படைத்தலைவராகப் புகழ்பெற்று, பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் 7வது குடியரசுத் தலைவரான ஆண்ட்ரூ ஜாக்சனின் தாயார் ஆவார். அமெரிக்க விடுதலைப் போரில் தம் மூன்று மகன்களுள் இருவரை இழந்தார். பிரித்தானியரின் சிறையிலிருந்து இளைய மகனை மீட்டு உயிர்பிழைக்க வைத்த இவர், அதே ஆண்டில் பிற போர்க் கைதிகளுக்குப் பணிவிடை செய்யச் சென்று நோயுற்று இறந்தார். இவரது கல்லறை எங்குள்ளது என்பது அறியப்படவில்லை.

அயர்லாந்து வாழ்க்கை

எலிசபெத்தின் குடும்பத்தினர் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் வாழ்ந்த பிரெஸ்பிட்டேரியன் கிறித்தவர்கள். இவர்களின் முன்னோர் ஸ்காட்லாந்திலிருந்து அங்கு வந்து குடியேறியவர்கள். ஆளி நாரைக் கொண்டு லினன் துணி நெய்வது அப்பகுதியின் முதன்மையான தொழிலாக இருந்தது. உயர்ந்துகொண்டே சென்ற நிலக் குத்தகையும், அரசு சார்ந்த ஆங்கிலிக்கன் திருச்சபைக்குச் செலுத்த வேண்டியிருந்த வரியும் 18ஆம் நூற்றாண்டில் பெருந்தொகையான அல்ஸ்டர் மக்களை அமெரிக்கக் குடியேற்றங்களுக்குச் செல்லத் தூண்டின.

காரிக்ஃபெர்கஸ் நகரை அடுத்த பகுதியைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜாக்சன் என்பவரை எலிசபெத் மணந்தார். (பின்னாளில் பிறந்த இளைய மகனுக்கும் தந்தையின் பெயரே இடப்பட்டது.) ஹியூ, ராபர்ட் என்னும் இரு மகன்கள் அயர்லாந்திலேயே பிறந்தனர். 1765இல் இக்குடும்பம் கடல் கடந்து அமெரிக்கா சென்றது.

வாக்சா குடியேற்றம்

வட கரொலைனா, தென் கரொலைனா ஆகியவற்றின் எல்லையில் கடாபா ஆற்றை ஒட்டி அமைந்த வாக்சா என்னும் பகுதியில் இவர்கள் தங்கினர். எலிசபெத்தின் உடன்பிறந்த சகோதரிகள் சிலர் முன்னரே அங்கு குடியேறியிருந்தனர். காட்டை அழித்து விளைநிலமாக்கும் கடும் உழைப்பில் ஈடுபட்டிருந்த கணவர் 1767ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திடீரென இறந்தார். அப்பொழுது எலிசபெத் நிறைமாத கர்ப்பிணியாக இருந்தார். சில வாரங்களில், மார்ச் 15, 1767 அன்று மூன்றாவது மகன் ஆண்ட்ரூ பிறந்தார். அவர் பிறந்த வீடு எந்தக் கரொலைனாவில் இருந்தது என்பது குறித்து இரு மாநிலத்தவரிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. தாம் தென் கரொலைனாவில் பிறந்ததாகவே ஜாக்சன் கூறிவந்தார்.

கைம்பெண்ணான எலிசபெத், ஜேம்ஸ் கிராஃபோர்ட் என்பவரை மணந்திருந்த தம் சகோதரி ஜேனின் வீட்டில் தங்கினார். ஜேன் நோயாளியாக இருந்தமையால் அவரைக் கவனிப்பதும், வீட்டு வேலைகள் அனைத்தையும் நடத்துவதும், இரு குடும்பத்துப் பிள்ளைகளையும் வளர்ப்பதும் எலிசபெத்தின் பொறுப்பாயின. இளைய மகனைச் சமயப் போதகராக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்காகவே அவனைப் பள்ளிக்கு அனுப்பினார்.

விடுதலைப் போர்

மூத்த மகன் ஹியூ 1779 ஜூன் மாதம் ஸ்டோனோ ஃபெரி சமரில் பங்குகொண்டு, கடும் வெப்பத்தாலும் களைப்பாலும் இறந்தார். அப்போது அவருக்கு வயது 16.

மே 29, 1780 அன்று பிரித்தானியக் குதிரைப்படை வாக்சா பகுதியில் அமெரிக்கப் படையணி ஒன்றைத் தாக்கியது. இதில் 113 பேர் கொல்லப்பட்டனர். 150 பேர் படுகாயமுற்றனர். காயமுற்றோர் கிடத்தப்பட்ட வாக்சா தேவாலயத்தில் எலிசபெத்தும் அவர் மகன்களும் அவர்களுக்குப் பணிவிடை செய்தனர்.

1781 ஏப்ரலில் ராபர்ட்டும் 14 வயதான ஆண்ட்ரூவும் பிரித்தானியரிடம் பிடிபட்டனர். தன் காலணியைத் துடைக்குமாறு இட்ட கட்டளையை மறுத்த ஆண்ட்ரூவை ஓர் அதிகாரி வாளால் வெட்டினார். கையிலும் தலையிலும் ஏற்பட்ட அத்தழும்புகள் அவர் வாழ்நாள் முழுவதும் இருந்தன. ராபர்ட்டும் தலையில் வெட்டுண்டார். கேம்டன் நகரில் சிறைவைக்கப்பட்ட இருவரையும் பெரியம்மை தொற்றியது.

செய்தியறிந்த எலிசபெத் கேம்டனுக்குச் சென்று, இரு தரப்பினரும் கைதிகளைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் தம் மகன்களும் விடுவிக்கப்படுமாறு செய்தார். ஏறத்தாழ 40 மைல் தொலைவை அவர்கள் இரு குதிரைகளுடன் கடக்க நேர்ந்தது. நிற்கவும் இயலாத ராபர்ட் ஒரு குதிரையிலும் தாய் மற்றொன்றிலும் செல்ல, ஆண்ட்ரூ வெறுங்காலுடன் மழையில் நனைந்தபடி நடந்தார். வீடு சேர்ந்த இரண்டு நாட்களில் ராபர்ட் இறந்தார். மரணத் தறுவாயில் இருந்த ஆண்ட்ரூ, தாயின் பராமரிப்பால் உயிர்பிழைத்து, சில மாதங்களில் மெல்ல உடல் தேறினார்.

மறைவு

ஆண்ட்ரூ தேறியதும், ஏறத்தாழ 160 மைல் தொலைவில் இருந்த சார்ல்ஸ்டன் நகருக்கு எலிசபெத் பயணமானார். பிரித்தானியர் வசமிருந்த அத்துறைமுகத்தில், சிறைக் கப்பல்களில் அடைக்கப்பட்டிருந்த கைதிகளுக்குப் பணிவிடை செய்வதே அவரது நோக்கம். அக்கைதிகளுள் அவர் தம் சகோதரியின் பிள்ளைகளும் இருந்தனர். அங்கு அவரையும் நோய் தொற்ற, 1781ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் இறந்தார். சில நூல்கள் இந்நோயைக் காலரா என்கின்றன. ஆனால் காலரா கொள்ளைநோயாக வங்காளத்திலிருந்து உலகெங்கும் பரவத் தொடங்கியது 1817இல்தான். ஆகவே, நெரிசல் மிகுந்த கப்பல்களில் பேன்கள் மூலம் பரவிய, அக்காலத்தில் கப்பல் காய்ச்சல் எனப்பட்ட டைஃபஸ் நோயாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

எலிசபெத் நகருக்கு வெளியே அடையாளம் ஏதுமின்றி அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய உடைமைகள் அடங்கிய சிறு மூட்டை மட்டுமே மகனை வந்தடைந்தது. பிற்காலத்தில் ஜாக்சன் தாயின் கல்லறையைக் கண்டறிய முயன்றும் பயனில்லாது போயிற்று.

வரலாற்றுச் சான்றுகள்

எலிசபெத்தைப் பற்றி நாம் அறிபவற்றுள் பெரும்பகுதி, ஜாக்சனின் நினைவுகளிலிருந்தும், வாக்சா மக்களிடம் பல்லாண்டுகளுக்குப் பின் திரட்டப்பட்ட செய்திகளிலிருந்தும் பெறப்பட்டவை. அவர் மகனுக்குக் கூறியதாக வழங்கும் இறுதி அறிவுரைக்குப் பல வடிவங்கள் உள்ளன. அவையும் நெடுங்காலத்திற்குப் பின்னரே பதிவு செய்யப்பட்டமையால், அவற்றை அவருடைய சொற்களாகவே கொள்ள இயலாது.

1828ஆம் ஆண்டுத் தேர்தலின்போது எதிர்த்தரப்பு இதழ்கள் எலிசபெத்தின் ஒழுக்கத்தைப் பழித்துப் பொய்ச்செய்திகள் வெளியிட்டன. இது ஜாக்சனை மிகவும் வருத்தியது. அவர் 1815இல் நியூ ஓர்லியன்ஸ் சமரில் பிரித்தானியரைத் தோற்கடித்துப் பெரும்புகழ் பெற்றவர். 1829 முதல் 1837 வரை குடியரசுத் தலைவராக இருந்தவர். அமெரிக்கப் பழங்குடியினரை அவர்தம் நிலங்களிலிருந்து வெளியேற்றிய 1830ஆம் ஆண்டுச் சட்டத்திற்காகக் கடும் கண்டனத்துக்கும் உள்ளானவர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களுள் தாய், தந்தை இருவருமே அயல்நாட்டில் பிறந்து குடியேறியவர்களாக அமைந்தது இவர் ஒருவருக்கே.

நினைவுச் சின்னங்கள்

தென் கரொலைனாவில் உள்ள பழைய வாக்சா தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்திலும், சார்ல்ஸ்டன் கல்லூரி வளாகத்திலும் எலிசபெத்துக்கு நினைவுச் சின்னங்கள் உள்ளன. இவை நினைவுச் சின்னங்களே அன்றி, அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தைக் குறிப்பன அல்ல. காரிக்ஃபெர்கஸ் அருகே ஜாக்சன் குடும்பத்தார் வாழ்ந்த வீடு 19ஆம் நூற்றாண்டில் தொடர்வண்டிப் பாதைக்காக இடிக்கப்பட்டது. அதற்கு அண்மையில் உள்ள 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கூரை வேய்ந்த வீடொன்று ஆண்ட்ரூ ஜாக்சன் நினைவில்லமாகப் பேணப்படுகிறது.