வலிக்காத காயம் பிறந்த கதை

ஆக்லாந்தில் விளையாடித் தோளில் அடிபட்டால் டாக்டர் சீட்டு இல்லாமலே பிசியோதெரபிஸ்டிடம் போகலாம். ஏ.சி.சி. என்ற அரசு விபத்துக் காப்பீடு செலவில் பங்கேற்கும். 1974 ஏப்ரல் 1 முதல் நியூசிலாந்து முழுக்க இந்தக் காப்பீடு இருக்கிறது, அருமையான ஏற்பாடு. ஆனால் அதன் படிவம், என்றைக்கு, எப்படி அடிபட்டது என்று கேட்கும். வேலையால் வந்ததாக இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் பாதிப்பைப் பொதுவாக ஏ.சி.சி. ஏற்பதில்லை. நான் சொல்லவரும் காயத்துக்கோ தேதியே கிடையாது. பல நேரம் வலியும் கிடையாது.

கழுத்திலிருந்து இறங்கும் சுப்ராஸ்கேப்புலர் நரம்பு, தோள்பட்டை எலும்பில் இரண்டு இடுக்குகளைக் கடக்கிறது. அது நசுங்கினால் தோள் வலிக்கும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கோப்பெல், தாம்ப்சன் இருவரும் 1959இல் எழுதினார்கள். அதனால் பெரும்பாலும் வலியைத்தான் தேடினார்கள்.

1985 ஐரோப்பிய வாலிபால் சாம்பியன்ஷிப்பில் இத்தாலிய மருத்துவர் ஃபெரெட்டியின் குழு 96 ஆட்டக்காரர்களைப் பரிசோதித்தது. 12 பேருக்கு, பந்தை அடிக்கும் கைப்பக்கத் தோள்பட்டையில், இந்த நரம்பு இயக்கும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் என்ற பின்புறத் தசை வலுவிழந்திருந்தது. அவர்களில் யாருக்கும் அது தெரியாது! ஸ்மாஷ் அடித்துக்கொண்டே இருந்தார்கள். 1987இல் கட்டுரை வெளிவந்தது; வாலிபால்காரர்களின் தோள் நோய் என்று ஒன்று மருத்துவ உலகில் இடம் பிடித்தது.

வலிக்காததற்குக் காரணம், நரம்பு பாதிக்கப்படுவது இரண்டாவது இடுக்கில் என்பதுதான். அதைத் தாண்டிப் போகும் கிளை பெரும்பாலும் அந்த ஒரு தசையை அசைக்கத்தான். உணர்வைச் சுமக்கும் இழைகள் அதற்கு முன்பே பிரிந்துவிடுகின்றன. பக்கத்துத் தசைகளும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஃப்ளோட் சர்வீஸில் பந்தைத் தொட்டதும் கையைச் சட்டென்று நிறுத்துகிறார்களே, அந்த இழுப்பில் நரம்பு எலும்போரத்தில் திரும்பத் திரும்ப இழுபடுகிறது என்பது ஃபெரெட்டியின் விளக்கம். அது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சட்டையைக் கழற்றச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தால் ஒரு பக்கம் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருக்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை வெளிப்பக்கம் தள்ளச் சொன்னால் பலக்குறைவு புரியும். நம்மூர்த் திடல்களில் வாலிபால் பழக்கும் மாஸ்டர்களும் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும். பிறகு தசையின் மின்னோட்டத்தைப் பதியும் ஈ.எம்.ஜி. சோதனை நரம்பின் நிலையைச் சொல்லும். எம்.ஆர்.ஐ.யில் மூட்டோரம் நீர்க்கட்டி தெரிந்தால் ஊசியால் உறிஞ்சியோ, ஆர்த்ராஸ்கோப்பி என்ற நுண்துளை அறுவை வழியாகவோ அழுத்தத்தை நீக்குவார்கள். கட்டி இல்லையென்றால் பெரும்பாலும் கத்தி தேவைப்படாது: சர்வீஸைக் குறைத்து, மிஞ்சிய தசைகளுக்குப் பலமேற்றும் பயிற்சி. நெடுநாள் வற்றிய சதை முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.