ஏற்காடு மலைப் பகுதியில் உள்ளாட்சி நிதி முன்னுரிமைகள்

ஏற்காடு மலைப் பகுதியின் உள்ளாட்சி நிதி முன்னுரிமைகள் எனப்படுவது, தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் சேர்வராயன் மலைமீது அமைந்த ஊராட்சிகளில் சாலை, குடிநீர், தெருவிளக்கு, வடிகால், தடுப்புச்சுவர் முதலிய பொது வசதிகளுக்கும் பாதுகாப்புப் பணிகளுக்கும் நிதி ஒதுக்கப்படும் வரிசையையும், அவ்வரிசையை முடிவு செய்யும் முறையையும் குறிக்கும். சமவெளி ஊராட்சிகளுக்கான அதே சட்டமும் அதே நிதிப் பங்கீட்டு விதிகளுமே இங்கும் பொருந்துகின்றன. ஆனால் சிதறிய குடியிருப்புகள், காப்புக்காடுகள், தனியார் தோட்டங்கள், சுற்றுலா ஆகியவை காரணமாக அவ்விதிகள் தரும் விளைவு இங்கு வேறாக அமைகின்றது.

பின்னணி

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலையின் மிக உயர்ந்த பகுதி சேர்வராயன் கோயில் அமைந்துள்ள சமதளமாகும். சுமார் 1,620 மீட்டர் உயரமுள்ள இவ்விடத்தில், குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் வழிபடப்படுகின்றனர். ஆண்டுதோறும் கோடையில் நடைபெறும் திருவிழாவிற்கு மலைக் கிராமங்கள் அனைத்திலிருந்தும் மக்கள் கூடுவர்.

2011 கணக்கெடுப்பின்படி ஏற்காடு வட்டத்தின் மக்கள்தொகை 40 ஆயிரத்தை ஒட்டியதாகும். இவர்களுள் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பட்டியல் பழங்குடியினர் ஆவர். (இவர்கள் தமிழ் பேசுபவர்கள், பெயர் மலையில் வாழ்வோர் என்ற பொருளில் வந்தது, கேரளத்துடன் தொடர்புடையதன்று.) 2019 உள்ளாட்சித் தேர்தலின்போது ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில் 9 கிராம ஊராட்சிகள் இருந்தன. ஏற்காடு, நாகலூர், வாழவந்தி, வேலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம், மஞ்சகுட்டை, செம்மநத்தம், தலைச்சோலை என்பன அவை. அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் இந்த ஒன்பதுக்குள் அடங்கின. ஒரே ஊராட்சியின் இரு சிற்றூர்களுக்கு இடையே ஒரு பள்ளத்தாக்கோ ஒரு காப்பித் தோட்டமோ கிடப்பது இங்கு வழமை.

சட்ட அடிப்படை

1992இல் நிறைவேற்றப்பட்டு 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பதினோராம் அட்டவணையில் 29 பொருள்களை ஊராட்சிகளுக்கு உரியனவாகக் குறிப்பிட்டது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 இயற்றப்பட்டது. அதன் 110ஆம் பிரிவு ஊராட்சியின் கட்டாயக் கடமைகளைக் கூறுகிறது. ஊராட்சிச் சாலைகள், பொது விளக்குகள், வடிகால், துப்புரவு, பொதுக் கழிப்பிடம், இடுகாடு சுடுகாடு, குடிநீர் ஆகியவை இதில் அடங்கும். 111ஆம் பிரிவில் உள்ளவை விருப்பக் கடமைகள். எனவே முன்னுரிமை என்பது முழுக்க உறுப்பினர்களின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. பட்டியலின் முதல் பாதியைச் சட்டமே எழுதிவிடுகிறது.

இந்தியாவின் பல மாநிலங்களில் பழங்குடியினர் மிகுந்த பகுதிகள் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையின்கீழ் அறிவிக்கப்பட்டுள்ளன. அங்கு 1996ஆம் ஆண்டின் சிறப்பு ஊராட்சிச் சட்டம் கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் இல்லை. ஏற்காடு ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டப் பகுதியாக மட்டுமே விளங்குகிறது. இத்திட்டம் பள்ளி, விடுதி, வீடு போன்றவற்றுக்கு நிதி தருவது. முடிவெடுக்கும் அதிகாரத்தை மாற்றுவதன்று.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2000 திசம்பரில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், இணைப்புச் சாலை பெறச் சமவெளியில் ஒரு குடியிருப்பில் 500 பேர் இருக்க வேண்டும். மலை மாநிலங்கள், பாலைநிலங்கள், ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் ஆகியவற்றில் 250 பேர் போதும். சேர்வராயன் மலை மலையாக இருந்தும் மலை மாநிலத்தில் இல்லை. பழங்குடியினர் வாழ்ந்தும் அட்டவணைப் பகுதியில் இல்லை. மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்திலும் இதே நிலைதான். அத்திட்டம் தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டத்தை மட்டும் உள்ளடக்கியது. அதன் இணைத் திட்டம் மேற்குத் தொடர்ச்சி மலை வட்டங்களுக்கு உரியது. கிழக்குத் தொடர்ச்சி மலை இரண்டிலும் இடம்பெறவில்லை.

நிதி வரும் வழிகள்

ஊராட்சியின் சொந்த வருவாய் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணங்கள் ஆகியவை. விடுதிகள் நிறைந்த ஏற்காடு ஊராட்சிக்கு இது ஓரளவு பொருட்படுத்தத்தக்கது. சிறு வீடுகளே உள்ள மற்ற மலை ஊராட்சிகளுக்கு மாநில, நடுவண் அரசுகளின் மானியமே அடிப்படை.

ஐந்தாவது மாநில நிதி ஆணையக் காலத்தில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது. அது ஊரகத்துக்கும் நகர்ப்புறத்துக்கும் 56:44 என்றும், ஊரகப் பங்கு கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி ஆகியவற்றுக்கு 55:37:8 என்றும் பிரிக்கப்பட்டது. பதினைந்தாவது நடுவண் நிதி ஆணையம் 2021-26 காலத்துக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்கே செலவிடப்பட வேண்டியது. எஞ்சிய 40 விழுக்காட்டில்தான் ஊராட்சி தன் தேவைக்கேற்பத் தெரிவு செய்ய இயலும். தடுப்புச்சுவரோ, சிறுபாலமோ இந்த 40க்குள்தான் போட்டியிட வேண்டும்.

மக்கள்தொகை மானியப் பங்கீட்டின் முதன்மை அளவுகோலாக இருப்பது மலை ஊராட்சிக்குச் சாதகமன்று. 100 வீடுகள் நெருங்கியிருக்கும் சமவெளித் தெருவுக்கு வேண்டிய குழாயும் மின்கம்பமும், அதே 100 வீடுகள் ஐந்து சரிவுகளில் பிரிந்திருக்கும்போது பலமடங்கு ஆகும். மணலும் கம்பியும் மலையேற்றும் வண்டிக்கூலி வேறு.

ஊராட்சியா, குக்கிராமமா

பங்கீட்டின் அலகு எது என்பது ஏற்காட்டைப் பொறுத்தவரை முதன்மையான வினா. 2006-07 முதல் 2010-11 வரை நடைமுறைப்படுத்தப்பட்ட அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் அடிப்படையாக 20 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. இரண்டு குடியிருப்புகள் கொண்ட ஊராட்சிக்கும் பதினைந்து குடியிருப்புகள் கொண்ட ஊராட்சிக்கும் ஏறத்தாழ ஒரே தொகை என்றானது. இதனால் ஊராட்சியின் தலைமைக் கிராமம் பயன்பெற, விளிம்பிலுள்ள சிற்றூர்கள் காத்திருந்தன.

2011-12இல் தொடங்கிய தமிழ்நாடு குக்கிராமங்கள் மேம்பாட்டுத் திட்டம் (தாய்) இதை மாற்றிக் குக்கிராமங்களின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டது. குடிநீர், தெருவிளக்கு, சாலை, சுடுகாடு, சுடுகாட்டுப் பாதை ஆகியவை அதன் குறைந்தபட்சத் தேவைகளாக வகுக்கப்பட்டன. 2021-22 முதல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் இரண்டாம் கட்டமாக மீண்டும் வந்தது. ஆட்சி மாறும்போது திட்டத்தின் பெயர் மாறுவது தமிழக வாசகருக்குப் பழகியது. பெயரைவிட அலகு மாறியதே மலைவாழ் மக்களுக்குப் பயன் தந்த மாற்றம் எனலாம்.

யாருடைய சாலை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை உள்ளது. குப்பனூர், கொட்டச்சேடு வழியாக மற்றொரு பாதை உண்டு. இவை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் உள்ளன. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலம் நோக்கி இறங்கிய தனியார் பேருந்து ஒன்று கவிழ்ந்ததில் குறைந்தது ஐந்து பேர் இறந்தனர், பலர் காயமுற்றனர். மலைமக்களின் உயிருக்கு நேரடித் தொடர்புடைய இச்சாலையில் தடுப்புச்சுவர் உயர்த்தவோ எச்சரிக்கைப் பலகை வைக்கவோ ஊராட்சிக்கு நிதியும் இல்லை, அதிகாரமும் இல்லை. அது தீர்மானம் நிறைவேற்றி அனுப்பலாம்.

ஊருக்குள் உள்ள சாலைகளில் ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, வனத்துறைப் பாதை, தோட்டப் பாதை என நான்கு வகை உண்டு. தோட்டப் பாதை தனியாருடையது. சேலம் ஆட்சியராக 1820களில் இருந்த காக்பர்ன் காப்பியை அறிமுகப்படுத்தியது முதல் மலையின் பெரும்பரப்பு தோட்டங்களாகியுள்ளது. தோட்டக் குடியிருப்புகளில் வீடு, குடிநீர், கழிப்பிடம் ஆகியவற்றை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் உரிமையாளரின் கடமையாக வைத்தது. பொதுப்பணம் பொதுநிலத்திலேயே செலவிடப்பட வேண்டும் என்பதால், உரிமையாளர் செய்யாதவிடத்து ஊராட்சியும் எளிதில் உள்ளே வர இயல்வதில்லை. இச்சிக்கல் இலங்கை மலையகத்தில் சட்டமாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டப் பகுதிகளில் சபை நிதியைச் செலவிடத் தடையாக அமைந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபை, அவர்களது லயன் வீட்டுக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட முடியாதிருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது.

காட்டு நிலமும் பொது வசதியும்

சிற்றூருக்குச் செல்லும் வழி காப்புக்காட்டினூடாக அமைந்தால், நிதி ஒதுக்கப்பட்டாலும் பணி நின்றுவிடும். 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடுவண் அரசின் ஒப்புதல் வேண்டும். இதற்கு மாற்றுவழியாக 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 3(2)ஆம் பிரிவு உள்ளது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை, சமுதாயக் கூடம் உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எக்டேருக்கு மிகாமல் காட்டு நிலத்தை ஒதுக்கலாம். வெட்டப்படும் மரங்கள் எக்டேருக்கு 75க்கு மேற்படக் கூடாது. கிராம சபையின் பரிந்துரை கட்டாயம்.

தமிழ்நாட்டில் இச்சட்டம் தாமதமாகவே உயிர்பெற்றது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால ஆணையால் உரிமைப் பட்டயங்கள் வழங்குவது தடைப்பட்டிருந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது.

சாலை இல்லாமையின் விலையை மற்றொரு மலையாளி ஊர் நாடறியக் காட்டியது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் உள்ள அத்திமரத்துக்கொல்லையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனையை அடையும் முன் இறந்தது. உடற்கூற்றாய்வுக்குப் பின் உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்சு சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட, தாய் அதைக் கையில் ஏந்தி மலையேறினார். அதன் பின்னரே அச்சாலைப் பணிக்கு வேகம் பிறந்தது.

மண்சரிவும் பேரிடர் நிதியும்

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் எச்சம் உள்நாட்டில் நகர்ந்தபோது ஏற்காட்டில் மிகப் பெருமழை பெய்தது. மலைப்பாதையில் மண்சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சிற்றூர்ச் சாலைகள் துண்டிக்கப்பட்டன.

பேரிடர்க்குப் பின் கிடைக்கும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி உடனடிச் சீரமைப்புக்கு உரியது. இடிந்த சிறுபாலத்தை முன்பிருந்ததைவிட அகலமாகக் கட்டுவதற்கு அது பொருந்தாது. பதினைந்தாவது நிதி ஆணையம் பேரிடர் நிதியில் 80 விழுக்காட்டை நிவாரணத்துக்கும் 20 விழுக்காட்டைத் தணிப்புப் பணிகளுக்கும் எனப் பிரித்தது இக்குறையைக் கருதியே. மலைச்சாலையின் ஆயுள் தாரின் தரத்தைவிட ஓரத்து வடிகாலையே பெரிதும் சார்ந்தது. நீர் வெளியேற வழியில்லாத சரிவில் எத்தனை முறை தார் போட்டாலும் அடுத்த ஐப்பசியில் அது பள்ளத்தில் கிடக்கும். ஆயினும் திறப்பு விழா காண்பது சாலையே. வடிகாலுக்குக் கல்வெட்டு வைப்பார் இல்லை.

சுற்றுலாவின் பங்கு

மே மாதக் கோடை விழாவும் மலர்க்காட்சியும் பெருங்கூட்டத்தை ஈர்க்கின்றன. ஏரியின் படகு இல்லம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தினுடையது. அதன் வருவாய் ஊராட்சிக்கு உரியதன்று. சுற்றுலாப் பயணிகள் விட்டுச்செல்லும் குப்பையை அகற்றுவது மட்டும் 110ஆம் பிரிவின்படி ஊராட்சியின் கடமையாகிறது. உதகமண்டலமும் கொடைக்கானலும் நகராட்சிகள் ஆகையால் அவற்றின் பணியாளர் எண்ணிக்கையும் வரி வருவாயும் வேறு. ஏற்காடோ அதே வகைப் பயணிகளைக் கிராம ஊராட்சியாக இருந்தே எதிர்கொண்டது.

கிராம சபையும் தேர்தல் இல்லாக் காலங்களும்

ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்கள் 2022 முதல் ஆறாக்கப்பட்டன. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்நாட்கள். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் இங்கு வைத்து ஏற்கப்பட வேண்டும். மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் குறைவெண் வரம்பாகும். ஒரு நாள் கூலியை விட்டு, மலையிறங்கி ஏறி வர வேண்டிய சிற்றூரார் இவ்வெண்ணிக்கையில் குறைவாகவே இருப்பர் என்பது எளிதில் விளங்கும். கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு அளித்து, வார்டு அளவிலேயே கிராம சபையைக் கூட்டியது. தமிழ்நாட்டில் சபை ஊராட்சி அளவில் கூடுகிறது.

2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தல் நடைபெறாததால், 2019 திசம்பர் 27, 30 தேர்தல் வரை ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் இருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாததால் பதினான்காவது நிதி ஆணைய மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. 2019இல் தெரிவானோரின் காலம் 2025 சனவரி 5 அன்று முடிய, நிருவாகம் மீண்டும் தனி அலுவலர்களிடம் சென்றது.

பேரூராட்சித் தகுதி

2025 சனவரித் தொடக்கத்தில் மாநில அரசு அறிவித்த 25 புதிய பேரூராட்சிகளின் பட்டியலில் ஏற்காடும் இடம்பெற்றது. பேரூராட்சிக்கு நகர்ப்புறப் பங்கீட்டிலிருந்து நிதி, கூடுதல் துப்புரவுப் பணியாளர், முறையான கட்டட அனுமதி ஆகியவை கிடைக்கும். மறுபுறம் சொத்து வரி உயரும். ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வேலை கிடைக்காது. ஏரியைச் சுற்றியுள்ள கடைவீதிக்கு இது ஆதாயமே. அதே எல்லைக்குள் அடங்கும் தோட்டக் கூலிகளின் குடியிருப்புக்கு அவ்வாறு சொல்ல முடியாது. மேலும் வன உரிமைச் சட்டத்தின் பொது வசதிப் பிரிவு கிராம சபையின் பரிந்துரையை வேண்டுவது. பேரூராட்சியில் ஊராட்சிச் சட்டத்தின் கிராம சபை இல்லை. காட்டோரச் சிற்றூர் ஒன்றுக்கு அங்கன்வாடிக்கோ குழாய்க்கோ நிலம் கேட்க நேரும்போது, பரிந்துரைக்க வேண்டிய சபை எது என்பதை முதலில் வரையறுக்க வேண்டியிருக்கும்.