சுழலும் விமானமும் எதிர்த்திசைக் காலும்: ஸ்பின் பயிற்சியின் வரலாறு

சிறு விமானம் ஓட்டக் கற்பவர் முதல் சில மணி நேரங்களில் நான்கு காரியங்களைப் பழகுகிறார். நேராகப் பறப்பது, ஏறுவது, இறங்குவது, திரும்புவது. இவற்றில் கையும் காலும் மனம் போன வழியே போனால் பெரிதாகக் கெடுதல் இல்லை. ஐந்தாவது பாடமான ஸ்டாலில்தான் சிக்கல் தொடங்குகிறது. அங்கிருந்து ஸ்பின்னுக்குப் போனால், உடம்பு எதைச் செய்யச் சொல்கிறதோ அதுவே ஆளைக் கொல்லும். இந்தப் பாடம் எப்படி உருவானது, எப்படிப் பாடத்திட்டத்தில் நுழைந்தது, பிறகு ஏன் அதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம். இப்பாடத்தின் நூற்றாண்டு வரலாற்றில் விமானத்தின் அமைப்பு மாறியதைவிட, விமானியின் உள்ளுணர்வை எங்கே, எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கான விடையே அதிகம் மாறியிருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் இயக்கத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், பெரும்பாலான சிறு விமானங்களில் சுமார் 15 முதல் 18 பாகைக்கு மேல், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து சிதறுகிறது; தூக்குவிசை சட்டென்று குறைகிறது. இதுதான் ஸ்டால். எஞ்சின் நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த நேரத்தில் விமானம் பக்கவாட்டில் சற்றே திரும்பியிருந்தால் ஓர் இறக்கை மற்றதைவிட ஆழமாக ஸ்டால் ஆகும். அந்தப் பக்கம் தாழும், இழுவை கூடும், விமானம் அதே திசையில் சுழன்றபடி விழத் தொடங்கும். மூக்கு தரையை நோக்கியிருப்பதால் விமானி கையிலுள்ள கட்டுப்பாட்டுத் தண்டான ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கிறார். இழுக்க இழுக்க இறக்கையின் கோணம் கூடி, ஸ்டால் நீடித்து, சுழற்சியும் தொடர்கிறது.

விமானம் என்ற ஒன்று வருவதற்கு முன்பே இந்த ஆபத்து வந்துவிட்டது. 1896 ஆகஸ்ட் 9 அன்று ஜெர்மனியின் ரைனோ குன்றுப் பகுதியில் ஓட்டோ லிலியன்தாலின் கிளைடர் காற்றில் ஸ்டால் ஆகி விழுந்தது. மறுநாள் அவர் இறந்தார். ரைட் சகோதரர்கள் 1902-இல் கிட்டி ஹாக்கில் தங்கள் கிளைடர் ஒரு பக்கம் சரிந்து, தாழ்ந்த இறக்கை மணலில் குத்திச் சுழன்று நிற்பதைப் பலமுறை கண்டார்கள்; கிணறு தோண்டுவது என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரும் வைத்தார்கள். அசையாத வால் தகட்டை அசையும் சுக்கானாக மாற்றியதும் அது தீர்ந்தது. அவர்கள் கண்டுபிடித்தது தடுக்கும் வழி. விழத் தொடங்கிய பிறகு மீள்வதற்கு வழி யாருக்கும் தெரியவில்லை.

அந்த வழி முதன்முதலாகப் பலர் கண்முன் வெளிப்பட்டது 1912 ஆகஸ்ட் 25 அன்று, இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில், லார்க்ஹில்லில் நடந்த ராணுவ விமானப் போட்டியின்போது. கடற்படை லெப்டினன்ட் வில்ஃப்ரட் பார்க், மூடிய அறை கொண்ட ஆவ்ரோ இரட்டை இறக்கை விமானத்தில், லெப்டினன்ட் லெ பிரெட்டனை உடன் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரச் சோதனையை முடித்து வட்டமிட்டு இறங்கினார். சில நூறு அடி உயரத்தில் இறக்கம் அதிகச் சரிவாக இருப்பதாகத் தோன்றவே ஸ்டிக்கை இழுத்தார். விமானம் சுழலத் தொடங்கியது. எஞ்சினை முழு வேகத்துக்கு முடுக்கினார், ஸ்டிக்கை மேலும் இழுத்தார், சுக்கானைச் சுழற்சியின் உட்பக்கமாக மிதித்தார். எதுவும் பலிக்கவில்லை. தரை ஐம்பது அடி தூரத்தில் இருந்தபோது, வேறு வழி தோன்றாமல், சுக்கானை எதிர்த்திசைக்கு முழுவதுமாக மாற்றினார். சுழற்சி உடனே நின்றது, விமானம் நிமிர்ந்தது, பத்திரமாக இறங்கினார்.

இந்தச் சம்பவத்தின் சிறப்பு தப்பித்ததில் இல்லை. ஃபிரெட் ரேனம் 1911-லேயே இப்படி ஒன்றிலிருந்து எப்படி என்று தெரியாமலே தப்பியதாகச் சொல்வதுண்டு. பார்க் இறங்கியதும் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் உள்ளிட்டவர்களுடன் உட்கார்ந்து, எந்த நொடியில் கை எங்கே இருந்தது, கால் எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்தார். 'ஃப்ளைட்' இதழ் அதை விரிவாக வெளியிட்டது. விமானப் பயிற்சி வரலாற்றில் ஒரு விபத்து அனுபவம் பிறருக்குப் பாடமாக எழுதப்பட்ட மிகத் தொடக்ககால உதாரணங்களில் இது ஒன்று. ஆனால் கிடைத்தது ஒரு சமையல் குறிப்பு மட்டுமே: எதிர்ப்பக்கம் மிதி. ஏன் என்ற கேள்விக்கு விடை இல்லை. பார்க்குக்கு அதைத் தேட அதிக நாள் கிடைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 15-இல் வெம்பிளியில் ஹேண்ட்லி பேஜ் விமானம் விழுந்து இறந்தார்.

காரணம் தெரியாத மருந்தை யாரும் வேண்டுமென்றே சோதித்துப் பார்க்க மாட்டார்கள். 1914 ஜூனில் புரூக்லண்ட்ஸில் ஹாரி ஹாக்கர் சாப்வித் விமானத்தில் ஸ்பின்னில் மாட்டி மரங்களுக்குள் விழுந்து உயிர் பிழைத்தார். ஆனாலும் பிறகு மீண்டும் மேலே போய் வேண்டுமென்றே ஸ்பின்னுக்குள் நுழைந்து வெளியே வந்து காட்டினார். 1916-இல் ஃபார்ன்பரோவில் ஃபிராங்க் குட்டன் எஃப்.இ.8 விமானத்தை இரு பக்கமும் சுழலவிட்டு மீட்டார். 1917-இல் அதே ஃபார்ன்பரோவில் இயற்பியலாளர் ஃபிரெடரிக் லிண்டமன் தாமே விமானம் ஓட்டக் கற்று, ஸ்பின்னுக்குள் போய், சுழன்றுகொண்டே கருவிகளின் அளவுகளை மனப்பாடம் செய்து, தரையிறங்கி எழுதிவைத்தார். பிற்காலத்தில் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகராகப் பலரின் வெறுப்பைச் சம்பாதித்த மனிதர். அவரது இந்தத் துணிச்சலை மட்டும் எதிரிகளும் மறுத்ததில்லை. ஸ்பின் என்பது இறக்கை ஸ்டால் ஆன நிலையில் நடக்கும் தானியக்கச் சுழற்சி என்பதும், வேகம் அதில் கூடிக்கொண்டே போவதில்லை என்பதும் அளவுகளோடு நிறுவப்பட்டன. சுக்கான் சுழற்சியை நிறுத்துகிறது, ஸ்டிக்கை முன்னால் தள்ளுவது ஸ்டாலை உடைக்கிறது. இரண்டும் இரண்டு வேலைகள்.

இந்த அறிவைப் பாடமாக்கியவர் வேறொருவர். ராபர்ட் ஸ்மித்-பேரி முதல் உலகப் போரின்போது பிரான்சில் 60-ஆம் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். அரைகுறைப் பயிற்சியோடு போர்முனைக்கு வந்துசேரும் இளைஞர்களைப் பார்த்து வெறுத்துப்போய், மேலிடத்துக்குக் கடிதங்கள் எழுதினார். கடைசியில் கோஸ்போர்ட்டில் ஒரு பயிற்சிப் பிரிவு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1917 ஆகஸ்டில் அது சிறப்புப் பறப்புப் பள்ளி ஆனது. அதற்கு முந்தைய பயிற்சியின் தத்துவம் ஆபத்தைக் காட்டாதே என்பது. மெதுவாக ஊரும் மாரிஸ் ஃபார்மன் விமானங்களில், தட்டையான திருப்பங்களோடு, காற்று அமைதியான வேளைகளில் மட்டும் மாணவர் பறந்தார். கற்பிப்பவர்களில் பலர் போர்முனையிலிருந்து ஓய்வுக்கு வந்தவர்கள். மாணவர் கையில் விமானத்தைக் கொடுக்கவே பயந்தார்கள்.

ஸ்மித்-பேரி இதைத் தலைகீழாக்கினார். ஆவ்ரோ 504ஜே விமானத்தில் இரு இருக்கைக்கும் முழுக் கட்டுப்பாடு. மாணவர் உட்காருவது விமானி இருக்கையில். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே பயிற்றுநர் பேச ரப்பர் குழாய். அது கோஸ்போர்ட் குழாய் என்றே உலகெங்கும் பெயர் பெற்றது. சறுக்கல், ஸ்டால், ஸ்பின், பக்கக் காற்றில் இறங்குவது, எஞ்சினை அணைத்துவிட்டு வயலில் இறங்குவது என எவையெல்லாம் ஆளைக் கொன்றனவோ அவையெல்லாம் பாடமாயின. மாணவர் ஆபத்துக்குள் போக வேண்டும், அது எதனால் நேர்ந்தது என்று அங்கேயே கேட்க வேண்டும், தன் கையாலேயே வெளியே வர வேண்டும். ஸ்மித்-பேரியின் முறையைத் துணிச்சல் பயிற்சியாகச் சித்திரிப்பவர்கள் உண்டு. அது பாதிதான் சரி. அங்கே மையமாக இருந்தது விளக்கம். காற்றில் செய்வதையும் அதன் காரணத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் பயிற்றுநரின் வர்ணனை, இன்றும் பறப்புப் பள்ளிகளில் கேட்கும் அந்தச் சொல்லோட்டம், கோஸ்போர்ட்டில் வடிவம் பெற்றது.

போருக்குப் பின் இந்த முறை பறப்பு மன்றங்கள் வழியே பரவியது. 1925-இல் பறந்த டி ஹாவிலண்ட் மாத் விமானம் அதைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவின் முதல் உரிமத்தை ஜே.ஆர்.டி. டாடா 1929 பிப்ரவரி 10 அன்று பெற்ற காலம் அதுவே. மறுபுறம் அமெரிக்காவில் ஆய்வு நுட்பமாகியது. லாங்லி ஆய்வுக்கூடத்தில் 1935-இல் ஒரு செங்குத்துக் காற்றுச் சுரங்கம் எழுந்தது. கீழிருந்து மேலே வீசும் காற்றில் மாதிரி விமானத்தைக் கையால் சுழற்றி எறிந்து அது எப்படிச் சுழல்கிறது, எத்தனை சுற்றில் மீள்கிறது என்று பார்ப்பார்கள். 1941-இல் அதைவிடப் பெரிதாக 20 அடி அகலத்தில் ஒன்று வந்தது. 1936-இல் லாங்லியின் சோதனை விமானி மெக்கவாய் மீட்புமுறையை வரிசைப்படுத்தி எழுதினார்: சுக்கானை எதிர்ப்பக்கம் சட்டென முழுவதும் மிதி, சுமார் அரைச் சுற்றுக்குப் பின் ஸ்டிக்கை முன்னால் தள்ளு. வரிசை முக்கியம். ஸ்டிக்கோடு அசையும் வால்பகுதித் தகடான எலிவேட்டர் முதலில் கீழே போனால் சில விமானங்களில் அது சுக்கானுக்குப் போகும் காற்றை மறைத்துவிடும்.

இதே காலத்தில் எதிர்க்குரல் ஒன்றும் எழுந்தது. ஃபிரெட் வீக் வடிவமைத்து 1940-இல் சான்று பெற்ற எர்கூப் விமானத்தில் சுக்கான் மிதிகளே இல்லை. எலிவேட்டரின் அசைவும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அதை ஸ்பின்னுக்குள் கொண்டுபோகவே முடியாது. விமானியைத் திருத்துவதற்குப் பதில் விமானத்தையே திருத்துவோம் என்பது வீக்கின் நிலை. 1944-இல் வெளிவந்த 'ஸ்டிக் அண்ட் ரட்டர்' நூலில் வுல்ஃப்காங் லாங்கவீஷ வேறொரு கோணத்தில் அணுகினார். விமானி புரிந்துகொள்ள வேண்டியது இறக்கையின் கோணத்தை மட்டுமே, அது பிடிபட்டால் மற்றவை தாமே வரும் என்றார்.

1949-இல் அமெரிக்க அரசு தனியார் விமானி உரிமத்துக்கான கட்டாயப் பாடங்களிலிருந்து ஸ்பின்னை நீக்கியது. ஸ்டாலை முன்கூட்டியே இனங்கண்டு தவிர்ப்பது அதன் இடத்துக்கு வந்தது. பயிற்றுநர் ஆக விரும்புபவருக்கு மட்டும் ஸ்பின் பயிற்சி இன்றும் கட்டாயம். பழைய விமானிகள் இதைக் கோழைத்தனம் என்றே கருதினார்கள்; அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

என் பார்வையில் 1949-இன் முடிவுக்கு வலுவான நியாயம் உண்டு. வளர்ந்துவிட்ட ஸ்பின்னில் ஒரு சிறு பயிற்சி விமானம் ஒரு சுற்றுக்குச் சுமார் மூன்று நொடியும் 500 அடியும் இழக்கிறது. உயிர்ப்பலி வாங்கும் ஸ்டால், ஸ்பின் விபத்துகளில் பெரும்பாலானவை ஓடுபாதையைச் சுற்றி, 1,000 அடிக்குக் கீழே நிகழ்பவை. அங்கே மீட்புமுறையை மனப்பாடமாக அறிந்தவரும் தப்ப மாட்டார். 5,000 அடியில் பழகிய வித்தை 400 அடியில் உதவாது. நீக்கத்துக்குப் பின்னர் இத்தகைய விபத்துகளின் பங்கு குறைந்ததை ஆதரவாளர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். அதை அப்படியே ஏற்கத் தயங்குகிறேன். அதே ஆண்டுகளில் எச்சரிக்கை ஒலிப்பான்களும் சாதுவான செஸ்னாக்களும் வந்துவிட்டன, எது எவ்வளவு காரணம் என்று பிரிப்பது கடினம்.

இதற்கு நெருங்கிய உறவுள்ள இன்னொரு பாடம், புறப்பட்டவுடன் எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்பது. விதி பழையது: மூக்கைத் தாழ்த்து, நேர் எதிரே இருப்பதில் இறங்கு, திரும்பாதே. மனம் கேட்காது. பின்னால் நீளமான ஓடுபாதை இருக்கிறது, முன்னால் தென்னந்தோப்போ வீடுகளோ இருக்கின்றன. திரும்புவதென்றால் 180 பாகை போதாது. விலகிப்போன தூரத்தையும் சரிசெய்ய 200-க்கும் மேல் திரும்ப வேண்டும். அதுவும் அதிகமாகச் சாய்ந்து. 45 பாகைச் சாய்வில், உயரம் குறையாமல் திரும்பினால், ஸ்டால் வேகம் 19 விழுக்காடு கூடுகிறது. 60 பாகையில் 41 விழுக்காடு. தரை நெருங்குவதைப் பார்த்து விமானி ஸ்டிக்கை இழுக்கிறார், திருப்பம் போதவில்லை என்று உட்பக்கச் சுக்கானை மிதிக்கிறார். 1912-இல் பார்க் முதலில் செய்த அதே இரண்டு செயல்கள்.

பெரிய விமானங்களில்கூட இந்த உள்ளுணர்வு மறையவில்லை என்பதை 2009 காட்டியது. பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் 3407, ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் ஏர் பிரான்ஸ் 447 என இரு பயணிகள் விமானங்கள் விழுந்தன. இரண்டிலும் ஸ்டால் எச்சரிக்கை ஒலித்துக்கொண்டிருக்க விமானி ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார். முதலாவதில் 50 பேர், இரண்டாவதில் 228 பேர் இறந்தார்கள். விளைவாக ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2019 டிசம்பரிலிருந்து, விமான நிறுவனங்களில் பறக்கப் பயிற்சி பெறும் விமானிகளுக்கு, சாகசப் பறப்புக்கு ஏற்ற சிறு விமானத்தில் குறைந்தது மூன்று மணி நேர மேம்பட்ட மீட்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. கோஸ்போர்ட் முறை, முழு வட்டம் அடித்து, ஜெட் விமானிகளிடம் திரும்பி வந்திருக்கிறது. வார இறுதியில் பறக்கும் தனியார் உரிமக்காரர் அதன் வட்டத்துக்குள் இல்லை.

அவருக்காக வந்தது பாராசூட். 1998-இல் சான்று பெற்ற சிரஸ் எஸ்.ஆர்.20 விமானத்தில் முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட் உண்டு; ஸ்பின்னில் மாட்டினால் அதைத் திறப்பதே அதன் கையேட்டில் உள்ள வழி. வீக்கின் கனவு நிறைவேறியதாகத் தோன்றியது. ஆனால் தொடக்க ஆண்டுகளில் சிரஸ் விபத்துகள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. கூரையில் இருந்த சிவப்புக் கைப்பிடியைப் பலர் இழுக்கவே இல்லை. கடைசிவரை ஸ்டிக்கோடு போராடினார்கள். நிறுவனமும் உரிமையாளர் சங்கமும் பயிற்சியை மாற்றி, தயங்காமல் இழுக்கச் சொல்லிப் பழக்கிய பிறகே நிலைமை தேறியது. இன்று சிரஸ் விமானி ஒவ்வொரு புறப்பாட்டுக்கு முன்பும் தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளப் பழக்கப்படுகிறார்: எஞ்சின் நின்றால், தரையிலிருந்து முதல் 500 அடிவரை நேரே இறங்கு, அதிலிருந்து 2,000 அடிவரை உடனே கைப்பிடியை இழு, அதற்கு மேல் இருந்தால் மட்டும் என்ன கோளாறு என்று பார்.