சேரன்மகாதேவியில் இரண்டு பந்திகள்

திருநெல்வேலிச் சந்திப்பில் செங்கோட்டை ரயிலில் ஏறினால், பேட்டையைத் தாண்டிச் சற்று நேரத்தில் சேரன்மகாதேவி வந்துவிடும். நம்மில் பலருக்கு அந்த நிலையம் பத்தமடைக்குப் போக இறங்கும் இடம் என்ற அளவில்தான் அறிமுகம். கோரைப் புல்லை ஆற்று நீரில் ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கீறி, சாயமேற்றி, துணியைப்போல மடிக்கத்தக்க பாயாக நெய்யும் லெப்பைக் குடும்பங்களின் ஊர் பத்தமடை. மணமக்களின் பெயர் நெய்த பத்தமடைப் பாய் இன்றும் நம் வீடுகள் சிலவற்றில் பத்திரமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அந்தப் பாய்க்கு மிக அருகில், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், யார் எங்கே அமர்ந்து உண்பது என்ற கேள்வியில் ஒரு பெரிய மனிதரின் கனவு முறிந்தது. அதை நாம் சாதி வரலாற்றின் ஓர் அத்தியாயமாகவே படித்து வந்திருக்கிறோம். அச்சத்தின் வரலாறாகவும் அதைப் படிக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த மனிதர் வ.வே.சு. ஐயர். திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் 1881 ஆம் ஆண்டு பிறந்தவர். வழக்கறிஞராக ரங்கூன் சென்று, அங்கிருந்து பாரிஸ்டர் பட்டத்துக்காக இலண்டன் போனவர். இலண்டனில் சாவர்க்கர் முதலியோர் கூடியிருந்த இந்தியா ஹவுஸில் சேர்ந்தார். பல மாகாணத்து இளைஞர்கள் ஒரே கூரையின் கீழ் தங்கி, ஒன்றாக உண்டு, பிரிட்டிஷ் ஆட்சியை வீழ்த்தத் திட்டமிட்ட வீடு அது. அரச விசுவாசம் தெரிவித்துப் பெறவேண்டிய பட்டம் தமக்கு வேண்டாம் என்று ஐயர் ஒதுக்கிவிட்டார். 1910 இல் கைது ஆணை பிறந்தது.

அதன் பின் நடந்தவை கதையைப்போல இருக்கும். சீக்கியர் வேடத்தில் அவர் இங்கிலாந்தை விட்டு வெளியேறியபோது ஓர் உளவுக்காரர் சந்தேகப்பட்டதாகவும், பெட்டியில் பொறித்திருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளுக்கு ‘வீர் விக்ரம் சிங்’ என்று அவர் சற்றும் தயங்காமல் விளக்கம் சொன்னதாகவும் ஒரு செய்தி தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. பாரிஸ் சென்று, அங்கிருந்து பல நாடுகளைக் கடந்து, 1910 டிசம்பரில் புதுச்சேரியில் அவர் கரையிறங்கியபோது அணிந்திருந்தது ஒரு முஸ்லிமின் உடை. நம்மவரின் தோற்றம் அவருக்கு அடைக்கலம் தந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம். பாடநூல்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

பத்தாண்டுகள் புதுச்சேரியில் ஒற்றர்களின் கண்காணிப்பில் வாழ்ந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அங்கே தோழர்கள். அந்த நெருக்கடிக்குள்தான் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். முதல் உலகப்போர் முடிந்து தாயகம் திரும்பியவர் ‘தேசபக்தன்’ இதழின் ஆசிரியரானார். இராஜதுரோகக் குற்றம் சுமத்தப்பட்டு பெல்லாரிச் சிறைக்குப் போனார். சிறையிலும் கம்பனைப் பற்றி நூல் எழுதினார். தூக்குமேடைக்கும் தீவாந்தரத்துக்கும் அஞ்சாத நெஞ்சம் என்று இவரைச் சொன்னால் அதில் மிகை இல்லை.

விடுதலையான பிறகு, 1922 இன் இறுதியில், தாமிரபரணிக் கரையில் ஒரு குருகுலம் தொடங்கினார். பிள்ளைகள் தாய்மொழியில் கற்கவேண்டும், கைத்தொழில் பழகவேண்டும், உடலை உரமாக்கவேண்டும், அரசாங்க உத்தியோகத்தை எதிர்பாராமல் தலைநிமிர்ந்து வாழவேண்டும் என்பது நோக்கம். சேரன்மகாதேவியில் அமைந்த அந்தக் குருகுலத்துக்குத் தமிழ்நாட்டின் பல திசைகளிலிருந்தும், பல சாதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு, முதல் தவணையாக 5,000 ரூபாய் கொடுத்தது. கடல் கடந்த தமிழரும் செட்டிநாட்டுச் செல்வரும் உதவினர். சாதி பாராத தேசத்தைப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கிக் கட்டுவதற்காகத் தரப்பட்ட பணம் என்றே கொடுத்தவர்கள் பலரும் எண்ணினர்.

அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்கள் மட்டும் தனியே உண்டனர். அவர்களுடைய பெற்றோர் அந்த நிபந்தனையின் பேரில்தான் பிள்ளைகளைச் சேர்த்திருந்தார்கள். ஐயரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

இவ்வளவுதான் செய்தி. எத்தனை சிறியது பாருங்கள். நூறு காரியங்களுக்கு நடுவே, அடுப்படி சம்பந்தப்பட்ட ஒரு சலுகை. அந்தத் தருணத்தில் ஐயரின் உள்ளத்தில் என்ன ஓடியது என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆயினும் இத்தகைய சலுகைகள் எப்படிப் பிறக்கின்றன என்பது நமக்குத் தெரியாததன்று. ஆற்றங்கரை அக்கிரகாரங்கள் வைதிகம் மிகுந்தவை. ‘இவர்களைப் பகைத்துக்கொண்டால் பள்ளி நடக்குமா? முதலில் நிலைபெறட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். இரண்டே பிள்ளைகள்தானே.’ இந்தக் குரலை நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டுக் கூடத்தில் கேட்டிருக்கிறோம். அச்சம் தன்னை அச்சம் என்று ஒருபோதும் அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. விவேகம், பொறுமை, பெரியவர்களுக்குத் தரும் மரியாதை என்ற பெயர்களில்தான் அது உள்ளே வருகிறது. துப்பாக்கியோடு வரும் அச்சத்தை அடையாளம் காணத் தெரிந்த வீரருக்கும், மரியாதையின் உடையில் வரும் அச்சத்தை அடையாளம் காண்பது கடினம்.

செய்தி வெளியே கசிந்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே மாணவனாக இருந்தான். அவன்தான் நடப்பதை வெளியே சொன்னான் என்று பெரியாரின் தரப்பில் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரான அதே ஓமந்தூரார்தான். ஆசிரியரையும் நிறுவனரையும் மீறி ஒரு சிறுவன் வாய் திறந்திருக்கிறான். இந்த வரலாற்றில் நாம் தேடும் துணிவு அவனிடம்தான் முதலில் தென்படுகிறது என்பது எங்கள் எண்ணம். ‘சும்மா இரு, படிப்பு கெட்டுவிடும்’ என்று அவனிடமும் யாரேனும் சொல்லியிருப்பார்கள்.

ஈரோட்டு ஈ.வெ. இராமசாமி அப்போது காங்கிரஸ் கமிட்டியின் செயலாளர்களுள் ஒருவர். மீதித் தொகையைக் கொடுக்க மறுத்தார். டாக்டர் வரதராஜுலு நாயுடு தமது ‘தமிழ்நாடு’ இதழில் கண்டித்து எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். 1925 மார்ச்சில் காந்தியடிகள் சென்னை வந்தபோது வழக்கு அவரிடம் போயிற்று. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அந்த இருவர் மட்டும் தனியே உண்ணட்டும், இனி இந்த நிபந்தனையில் யாரையும் சேர்க்கவேண்டாம் என்பது அவர் சொன்ன வழி.

வாக்குறுதியைப் பேணுவது நம் மார்க்கத்தில் ஈமானோடு சேர்த்துப் பேசப்படும் காரியம். ஆதலால் காந்தியடிகளின் யோசனையை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. ஐயர் வாக்கு மாறாதவராக நின்றதையும் இகழ முடியாது. ஆனால் அந்த வாக்கில் வேறொரு சிக்கல் உண்டு. இரண்டு பெற்றோருக்கு அவர் கொடுத்தது தமது சொத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததன்று. தனிப்பந்தி என்பது மற்றப் பிள்ளைகளின் கண்ணியத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. அந்தப் பிள்ளைகளிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. பிறருடைய உரிமையில் கைவைத்து ஒப்பந்தம் செய்யலாமா என்று நம் ஃபிக்ஹு நூல்களைத் திறந்து கேட்டால் கிடைக்கும் விடை நமக்குத் தெரியும். அச்சத்தில் கொடுக்கும் வாக்குகளின் இயல்பே இதுதான். யாருக்கு அஞ்சுகிறோமோ அவருக்குக் கொடுக்கிறோம். யாருக்கு அஞ்சத் தேவையில்லையோ அவரிடமிருந்து எடுக்கிறோம்.

1925 ஏப்ரலில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி கூடியது. தேசிய இயக்கத்தில் பங்குகொள்ளும் நிறுவனங்களில் பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு பாராட்டக்கூடாது என்ற எஸ். இராமநாதனின் தீர்மானம் பெரும்பான்மையால் நிறைவேறியது. இராஜாஜியும் டாக்டர் இராஜனும் வேறு சிலரும் கமிட்டியை விட்டு விலகினர். ஐயர் குருகுலப் பொறுப்பைத் துறந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டுக்குப் பின் பெரியார் காங்கிரஸிலிருந்து வெளியேறினார். அதன் பிறகான தமிழக அரசியலை நாம் அறிவோம். இரண்டு பிள்ளைகளின் பெற்றோரை இழக்கத் தயங்கியதில் தொடங்கியது, பள்ளி முழுவதையும் இழந்ததில் முடிந்தது.

இதைப் படிக்கும் நம்மவர்க்கு ஒரு பெருமிதம் எழலாம். நம் பந்தியில் இந்தப் பேச்சே இல்லையே, ஒரு சகனைச் சுற்றி முதலாளியும் கூலியாளும் கைவிட்டு உண்ணும் கூட்டமல்லவா நாம் என்று. உண்மைதான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் சகனைவிட்டு எழுந்து பெண் கேட்கப் போகும்போது என்ன நடக்கிறது? ராவுத்தரா, மரைக்காயரா, லெப்பையா, தக்கனியா என்று விசாரிக்காத வீடுகள் எத்தனை? மார்க்கத்தில் தடையில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொள்வோம். ‘சொந்தபந்தம் என்ன சொல்லும்’ என்று அடுத்த மூச்சில் சொல்வோம்.

எங்கள் குடும்பத்திலேயே ஒன்று நடந்தது. கைக்கூலி ஹராம் என்று ஆயுள் முழுவதும் பேசிவந்த பெரியவர் ஒருவர். அவருடைய மகனின் நிக்காஹுக்கு முதல் வாரம், பெண் வீட்டார் கொண்டுவந்த பணத்தை அவர் கைநீட்டி வாங்கினார். பேராசையால் வாங்கவில்லை, பணத்துக்கு அவருக்குக் குறைவில்லை. ‘வேண்டாம் என்றால், மாப்பிள்ளையிடம் ஏதோ குறை இருக்கிறது என்று பேசுவார்கள்’ என்று மச்சான்மார் சொன்ன ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பெண்ணின் தந்தை அந்தப் பணத்துக்காக வயலை விற்றிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பெரியவர் அதன்பின் கைக்கூலியைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. அந்த மௌனத்தின் கனம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று அந்த அறையில் நாங்களும் இருந்தோம். நாங்களும் வாய் திறக்கவில்லை.

இத்தகைய நேரங்களில் நாம் இஸ்திகாராவையும் மறைப்பாக்கிக்கொள்கிறோம். இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுக் கனவுக்காகக் காத்திருக்கிறோம். கனவு வரவேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை என்று ஆலிம்கள் எத்தனை முறை சொன்னாலும் நமக்குக் காது கேட்பதில்லை. ஏனெனில் காத்திருக்கும்வரை முடிவெடுக்க வேண்டியதில்லை. நன்மை எதில் என்று தெளிவற்ற இடத்தில் இறைவனிடம் கேட்பதற்கான தொழுகை அது. கூடாது என்று நமக்கே தெளிவாகத் தெரிந்த காரியத்தில், பெரியப்பாவின் முகத்துக்கு அஞ்சிக்கொண்டு நிற்பதற்கான இடம் அதுவன்று. மஷூராவும் அப்படியே. நாம் கேட்க விரும்பும் விடையைத் தருபவரிடம் மட்டும் ஆலோசிப்பது ஆலோசனை ஆகாது. ஐயர் குருகுலத்துப் பிள்ளைகளையும் அமரவைத்துக் கேட்டிருந்தால் வரலாறு வேறு விதமாகப் போயிருக்குமோ என்று சிலபோது நினைப்பதுண்டு.

ஹிஜ்ரி 8 இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்ட நாளை எண்ணிப்பார்ப்போம். குறைஷித் தலைவர்கள் அப்போதுதான் பணிந்திருந்தார்கள். அவர்களின் மனம் இன்னும் ஆறவில்லை. ஊரை அரவணைத்துக்கொள்ள வேண்டிய நேரம் அது; பொது மன்னிப்பும் வழங்கப்பட்டது. அத்தகைய நாளில் கஅபாவின் மேல் ஏறி பாங்கு சொல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தது, ஒரு காலத்தில் அதே நகரில் அடிமையாக வதைபட்ட பிலால் (ரலி) அவர்களை. சிலர் முகம் சுளித்து முணுமுணுத்தார்கள் என்று சீறா நூல்கள் கூறுகின்றன. ‘முதலில் நிலைமை சீராகட்டும், பிலாலைப் பிறகு ஏற்றலாம்’ என்ற யோசனைக்கு அங்கே இடமிருக்கவில்லை. உயிருக்கு மன்னிப்பு உண்டு, பெருமைக்குச் சலுகை இல்லை என்பது முதல் நாளிலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

சேரன்மகாதேவியிலிருந்து மேற்கே அதே ரயில் பாதையில் சென்று, அம்பாசமுத்திரத்தில் இறங்கினால் பாபநாசம் போகலாம். பொதிகையிலிருந்து தாமிரபரணி பாறைகளின் மேல் விழுந்து இறங்கும் இடம். பொறுப்பைத் துறந்த சில வாரங்களுக்குள், 1925 ஜூன் மாதத் தொடக்கத்தில், ஐயர் குருகுலப் பிள்ளைகளோடு அங்கே போனார். மகள் சுபத்திராவும் உடன் வந்திருந்தாள். நீரோட்டத்தைத் தாண்ட முயன்ற சிறுமி தவறி விழுந்தாள். ஐயர் பின்னாலேயே குதித்தார். கரையில் நின்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க இருவரையும் ஆறு கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 44.