தாய்வீடு போகும் கர்ப்பிணியும் பிக்மி எண்ணும்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் தாய்சேய் நல அளவீடு

ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குத் தலைப்பிரசவம் என்றால், வளைகாப்பு முடிந்த கையோடு தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். தாய்வீடு ஸ்ரீவில்லிபுத்தூரிலோ மம்சாபுரத்திலோ இருக்கலாம்; பேருந்து ஏறினால் சற்று நேரப் பயணம்தான். ஆனால் அதுவரை கிராம சுகாதார செவிலியர் குறித்துவைத்த எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் அளவு எல்லாம் புகுந்த ஊர்ப் பதிவேட்டிலேயே தங்கிவிடும். கைபேசி, கணினி வழித் தாய்சேய் நலத் திட்டங்கள் என்ன சாதித்தன என்பதை இந்த இடைவெளியில்தான் அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தமிழகத்தில் அளவீடு இறப்புகளை எண்ணுவதிலிருந்து வளர்ந்தது. 1990களிலேயே தாய் இறப்புகளைத் தணிக்கை செய்யும் வழக்கம் இங்கே வந்துவிட்டது. 2004க்குப் பின் அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சைக்கான சீமாங் மையங்களும், 2008இல் 108 ஆம்புலன்ஸும் வந்தன. மாதிரிப் பதிவு முறையின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2001-03இல் 134ஆக இருந்த தாய் இறப்பு, 2018-20இல் 54 ஆனது. இந்தச் சரிவில் கைபேசிக்கும் கணினிக்கும் உள்ள பங்கைப் பிரித்தெடுக்க வழியில்லை. வட்டார அளவில் இந்த அளவுகோல் செல்லவும் செல்லாது. ஆண்டுக்கு 5,000 பிரசவம் நடக்கும் பகுதி என்று வைத்துக்கொண்டால், அதே விகிதத்தில் எதிர்பார்க்கக்கூடிய இறப்பு மூன்றுக்கும் குறைவு. ஓராண்டு ஒன்று கூடுவதையும் மறு ஆண்டு ஒன்று குறைவதையும் வைத்து எந்தத் திட்டத்தையும் எடைபோட முடியாது. ஒவ்வோர் இறப்பும் ஒரு குடும்பத்தின் பேரிழப்பு என்பது வேறு விஷயம்.

2008இல் பிக்மி வந்தபோது எண்ணும் முறையே மாறியது. கர்ப்பிணிகளையும் பிறந்த குழந்தைகளையும் பெயர்வாரியாகத் தொடரும் இந்தக் கணினிப் பதிவு, ஊர் மாறினாலும் தாயை விட்டுவிடாமல் இருக்க முயன்றது. செவிலியருக்கு அது எளிதாக அமையவில்லை. பகலில் வீடு வீடாகப் போய்ப் பதிவேட்டில் எழுதியதையே மீண்டும் கணினியில் ஏற்ற வேண்டிய இரட்டைச் சுமை பல ஆண்டுகளாக அவர்களுடைய குறையாக இருந்து வருகிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை (2011இல் 12,000 ரூபாய், 2018இல் 18,000 ரூபாய்) பெறவும், 2017 முதல் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்தப் பதிவில் கிடைக்கும் பிக்மி எண் தேவைப்பட்டது. பதிவு ஏறக்குறைய முழுமை பெற்றது. அதனாலேயே பதிவு எண்ணிக்கையைத் திட்டத்தின் வெற்றியாகக் காட்டுவது சரியாகாது. கட்டாயத்தின் பலனும் சேவையின் பலனும் அந்த எண்ணிக்கையில் கலந்துகிடக்கின்றன.

2018இல் இவ்விரு வட்டாரங்களும் அடங்கிய விருதுநகர் மாவட்டம், மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்றாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் நிதி ஆயோக் வெளியிட்ட முன்னேற்றத் தரவரிசையில் முதலிடமும் பெற்றது. உண்மையான உழைப்பு அதன் பின்னால் இருந்தது. ஆனால் தரவரிசை மாவட்டத்தை ஒரே அலகாகத்தான் பார்க்கும். இப்பகுதியின் சேத்தூரும் செண்பகத்தோப்பும் அதில் தனித்தனியே தெரியாது.

கைபேசிச் செய்திகளைக் கறாராகச் சோதித்த ஆய்வு மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து குழந்தையின் முதல் பிறந்தநாள்வரை வாரம் ஒன்றாக 72 குரல் அழைப்புகள் அனுப்பும் 'கில்காரி' சேவையை, சுமார் 5,000 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2022இல் வந்தன. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் பழக்கத்தில் மாற்றம் தெரியவில்லை; கருத்தடை முறைகளின் பயன்பாடு ஓரளவு கூடியிருந்தது. அழைப்பு போய்ச் சேர்ந்தாலே பழக்கம் மாறிவிடும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல எச்சரிக்கை. நம் பகுதியில் முதலில் கேட்க வேண்டியது, பதிவில் இருப்பது யாருடைய கைபேசி எண் என்பதுதான். ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழகப் பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் கைபேசியைத் தாமே வைத்துப் பயன்படுத்துகிறார்கள். மீதிப் பேருக்கு வரும் அழைப்பைக் கணவரோ மாமனாரோ எடுக்கக்கூடும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிச் சத்தத்துக்கு நடுவே தானே எடுத்தாலும் காதில் என்ன விழும்?

அதே குடும்பநல ஆய்வில் தமிழகத்தின் மருத்துவமனைப் பிரசவம் 99.6 விழுக்காடு. இந்த அளவுகோலுக்கு இனி வேலையில்லை. கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ரத்தசோகை என்று அதே ஆய்வு சொல்வதைத்தான் கவனிக்க வேண்டும். ஏழாம் மாதம் ரத்தம் குறைவு என்று புகுந்த ஊரில் பதிவான பெண்ணுக்கு, தாய்வீட்டு ஊர்ச் செவிலியர் அந்தப் பதிவைத் திறந்து பார்த்து அயர்ன் சுக்ரோஸ் ஊசிக்கு வரச்சொன்னாரா? பார்த்திருந்தால் பிக்மி வேலை செய்திருக்கிறது.

குழந்தையோடு திரும்பும் பயணமும் அப்படித்தான். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு திரும்புகையில், 14ஆம் வாரத்தில் போட வேண்டிய பென்டாவேலன்ட் தடுப்பூசியின் மூன்றாம் தவணை விட்டுப்போகக்கூடும். ஊர் மாறிய தாய்மார், மாறாதவர் என இரு பட்டியல் எடுத்து, அந்தத் தவணையும் ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியும் உரிய நாளில் விழுந்தனவா என்று ஒப்பிட்டால் போதும். புதிய கணக்கெடுப்பு வேண்டியதில்லை, தேதிகள் ஏற்கெனவே பதிவில் இருக்கின்றன. செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோவில் பகுதியிலும் வாழும் பளியர் பழங்குடிக் குடும்பங்களுக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு பட்டியல் வேண்டும். அவர்கள் எண்ணிக்கை சிறிது. வட்டாரச் சராசரியில் சேர்த்தால் காணாமல் போய்விடும்.