கடைக்கு வந்த கடிதங்கள்: எம்பெக்கி குடும்பத்தை முன்வைத்து

தென்னாப்பிரிக்க விடுதலைப் போராட்டம் பற்றி வாசித்தவற்றில் ராபன் தீவுச் சிறையைவிட எனக்கு அதிகம் மனசில் நிற்பது ஒரு பலசரக்குக் கடை. டிரான்ஸ்கெய் பகுதியில் எம்பெவுலேனி என்கிற கிராமத்தில் கோவன் எம்பெக்கியும் அவரது துணைவி எபைநெட்டும் நடத்திய கடை. இருவரும் ஆசிரியர்களாக இருந்தவர்கள், இருவரும் கம்யூனிஸ்டுகள். 1940இல் திருமணம் செய்துகொண்டார்கள். ஊரின் ஆண்கள் பலர் தூரத்துச் சுரங்கங்களில் கிடந்தார்கள். அவர்கள் அனுப்பும் கடிதங்களை எடுத்துக்கொண்டு, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் கடைக்கு வருவார்கள். அதை வாசித்துக் காட்டுவதும் பதில் எழுதித் தருவதும் 1942இல் பிறந்த மகன் தாபோவின் வேலை. பின்னாளில் அந்நாட்டின் ஜனாதிபதியாக ஆனவர்தான் இந்தச் சிறுவன்.

1950களின் தொடக்கத்தில் கோவன் வீட்டைவிட்டுக் கிளம்பினார். முதலில் லேடிஸ்மித், பிறகு போர்ட் எலிசபெத். ஆசிரியர் வேலை, பத்திரிகை வேலை, கட்சி வேலை. தம்பதிகள் அதற்குப் பிறகு ஒரே வீட்டில் சேர்ந்து வாழவில்லை. ரிவோனியா வழக்கில் 1964இல் அவருக்கு ஆயுள் தண்டனை. அதே ஆண்டில், டிரான்ஸ்கெய் விவசாயிகளின் கலகம் பற்றிய அவரது நூல் வெளியாயிற்று. அதில் ஒரு பகுதி சிறைக்குள் கழிப்பறைத் தாளில் எழுதிக் கடத்தப்பட்டது. நிலம் பிடுங்கப்பட்ட கிராமம் எப்படிச் சுரங்கத்துக்குக் கூலிகளை உற்பத்தி செய்து அனுப்புகிறது என்பது அந்த நூலின் அடிப்படையான கேள்விகளில் ஒன்று. மகன் கடிதங்களில் வாசித்ததைத்தான் தகப்பன் அரசியல் பொருளாதாரமாக எழுதினார் என்று சொல்லத் தோன்றுகிறது. கடையையும் நான்கு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர் எபைநெட். அவர் எழுதிய கணக்கு கடைக்கணக்கு. வரலாற்றில் அது ஏறாது.

இந்தக் குடும்பம் கொடுத்த விலை சாதாரணமானதல்ல. தாபோ 1962இல் நாட்டைவிட்டு வெளியேறினார். அவருடைய மகன் க்வாண்டா 1981இல் காணாமல் போனான். வெளிநாட்டிலிருந்த தகப்பனைத் தேடிப் புறப்பட்டதாகச் சொல்கிறார்கள். தம்பி ஜாமா 1982இல் லெசோத்தோவில் காணாமல் போனார். கொல்லப்பட்டார் என்றே கருதப்படுகிறது. கோவன் 1987இல் விடுதலையானார். தகப்பனும் மகனும் மறுபடி சந்தித்தது 1990 ஜனவரியில், லுசாகாவில். மகன் என்பதைவிடத் தோழர் என்பதே பெரிய உறவு என்று நினைத்த தலைமுறை கோவனுடையது. நாமும் அந்தச் சொல்லைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறவர்கள்தாம். ஆனால் அந்தச் சொல்லுக்காக வீட்டில் யார் காத்துக்கிடந்தார்கள் என்று கேட்டிருக்கிறோமா?

1999இல் தாபோ ஜனாதிபதியானார். எய்ட்ஸ் நாட்டைத் தின்றுகொண்டிருந்த காலம். எச்.ஐ.வி. வைரஸ்தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்று அவர் சந்தேகம் கிளப்பினார். 2000 ஜூலையில் டர்பனில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில் வறுமையே உலகின் பெரிய கொலையாளி என்று பேசினார். வறுமை பற்றி அவர் சொன்னதில் பொய் இல்லை. கறுப்பு உடலை நோயின் கிடங்காகப் பார்த்த வெள்ளை மருத்துவத்தின் வரலாறும் பொய்யில்லை. மருந்துக் கம்பெனிகளின் கொள்ளையும் பொய்யில்லை. ஆனால் இத்தனை உண்மைகளையும் அடுக்கிவைத்துக்கொண்டு அரசு மருந்து கொடுக்காமல் இழுத்தடித்தது. தாயிடமிருந்து சிசுவுக்கு நோய் பரவாமல் தடுக்கும் நெவிரபின் மருந்துக்காக, ‘சிகிச்சைக்கான செயல் இயக்கம்’ நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2002 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2000 முதல் 2005 வரை இந்தத் தாமதத்தால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று 2008இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இதை எழுதும்போது எனக்கே உறுத்துகிறது. நவீன மருத்துவம், அதிகாரம், காலனியம் என்று சந்தேகப்படக் கற்றுக்கொண்டவர்கள் நாம். அந்தச் சந்தேகம் தேவை என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் அதே சந்தேகத்தை மருந்து அலமாரியின் சாவியைக் கையில் வைத்திருக்கிறவர் சொல்லும்போது என்ன ஆகிறது? விளிம்பிலிருந்து கேட்ட கேள்வி அரசாணையாக மாறிவிடுகிறது. செத்தவர்களில் எத்தனையோ பேர் அந்தக் கடைக்குக் கடிதம் கொண்டுவந்த பெண்களைப் போன்றவர்கள். சுரங்கத்துக்கும் கிராமத்துக்குமான அதே பாதையில்தான் நோயும் பயணம் செய்தது. அந்தப் பாதையைத் தகப்பன் எழுதினார். மகன் சிறுவயதில் வாசித்தார்.

கோவன் 2001இல் இறந்தார். தாபோ 2008இல், தன் கட்சியே திரும்ப அழைத்ததால், பதவி விலகினார். இன்னொரு மகன் மோலெட்சி, ஆப்பிரிக்க ஆளும் வர்க்கங்களே வறுமையின் சிற்பிகள் என்று 2009இல் ஒரு புத்தகமே எழுதினார். எபைநெட் ஜனாதிபதி மாளிகைக்குக் குடிபோகவில்லை. டிரான்ஸ்கெயின் கிராமத்திலேயே இருந்து, 2014இல், 98 வயதில் இறந்தார். இந்தக் குடும்பத்தின் வரலாற்றை அவருடைய கடைக்கணக்கிலிருந்து யாராவது எழுத ஆரம்பித்தால் நான் முதலில் வாசிப்பேன்.